எல்லாமே கொக்கு தானா?



நம்ம ஊரில் நீளக் காலோடு வயலில் எது நின்றாலும் "கொக்கு" என்று சொல்லி விடுகிறோம். தேசிய பசுமைப்படை மாணவர்கள் கார்த்திகை மாதம் வடுவூர் ஏரிக்குப் போனோம். அங்கே சார் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை வகை இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்பதுதான். எப்படி வகை பிரிப்பது, அதனால் நமக்கு என்ன பயன் என்று நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

வடுவூர் ஏரி எங்கே?
திருவாரூர் மாவட்டம், மன்னார்குடி வட்டம். தஞ்சாவூரிலிருந்து சுமார் 25 கி.மீ. 1999-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியல் அது. ஆனால் இது நமக்குப் பாசன ஏரியும்தான். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாறு, வடவாறு வழியாக இங்கே சேருகிறது. அணை திறந்தால் நமக்கு நடவு, பறவைக்குச் சாப்பாடு.

இதே போல் கோடியக்கரை, உதயமார்த்தாண்டபுரம், அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஆகியவையும் ராம்சர் பட்டியலில் உள்ளன. கரைவெட்டிக்கு வரித்தலை வாத்து இமயமலையையே தாண்டி வருகிறது!

எப்படிப் பார்ப்பது?
1. காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் போக வேண்டும். வெயில் ஏறினால் பறவை நிழலுக்குப் போய்விடும்.
2. சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கணும். இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும்.
3. பளிச்சென்ற நிறச் சட்டை, சத்தம், செல்போன் பாட்டு வேண்டாம்.
4. காக்காவை விடப் பெரிசா, சின்னதா? அலகு என்ன நிறம்? கால் என்ன நிறம்? என்ன தின்னுது? இந்த நாலையும் நோட்டில் எழுதினால் பெயர் தானாக வந்துவிடும்.
5. கூட்டமாக இருந்தால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்குதுன்னு பார்த்து, மீதியைக் கணக்குப் போடலாம்.

சில அடையாளங்கள்
உண்ணிக்கொக்கு: மஞ்சள் அலகு. மாட்டுக்கும் டிராக்டருக்கும் பின்னாடியே நடந்து, கிளம்புகிற வெட்டுக்கிளியைப் பிடிக்கும்.
சின்னக் கொக்கு: கறுப்பு அலகு, கறுப்புக் கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள்.
மடையான்: உட்கார்ந்தால் மண் நிறம். பறந்தால் வெள்ளை இறக்கை. நண்டு, தவளை, மீன் தின்னும்.
நத்தை குத்தி நாரை: அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். நத்தையின் சதையை ஓட்டிலிருந்து இழுத்துத் தின்னும். ஆப்பிரிக்காவிலும் ஒரு வகை இருக்கிறது, அது கறுப்பு.
நீர்க்காகம்: மீன் பிடித்த பிறகு இறக்கையை விரித்து வெயிலில் காய வைக்கும்.

இதனால் நமக்கு என்ன?
பெயர் தெரிந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. ஏரி இவற்றுக்குத் தங்கும் இடம். இவற்றில் பல சாப்பிடுவது நம்ம வயலில். வெட்டுக்கிளி, நத்தை, வரப்பில் வளை போடும் நண்டு எல்லாம் இவற்றின் உணவு. கூலி கேட்காமல் வேலை செய்கின்றன. அப்படியானால் சரணாலயத்தில் மட்டும் காப்பாற்றினால் போதுமா? நாம் வயலில் அடிக்கிற மருந்து பூச்சி வழியாகப் பறவைக்கும் போகுமே!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கண்ணி வைத்துப் பிடித்த மடையானைச் சில இடங்களில் கறிக்கு விற்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். எங்க வீட்டிலும் முன்பு வாங்கியிருக்கிறார்கள். போன மாதம் விற்க வந்தபோது நான் அம்மாவிடம், "இது நம்ம வயல்ல நண்டு பிடிக்கிறதும்மா" என்றேன். அம்மா பதில் ஒன்றும் சொல்லல. ஆனால் அன்னிக்கு வாங்கல. விற்பவரும் பிழைப்புக்காகத்தான் விற்கிறார், அவரைத் திட்டி என்ன செய்வது? வாங்குகிற நாம் நிறுத்தினால் பிடிப்பதும் குறையும்.

நாம் என்ன செய்யலாம்?
பறவை பார்க்க வடுவூருக்குத்தான் போகணும் என்று இல்லை. நம்ம ஊர்க் குளக்கரையே போதும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். நாமும் அந்த லீவில் ஒரு நோட்டு, ஒரு பேனாவோடு போய், தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை என்று எழுதுவோம். ஒன்றுமே வராவிட்டால் "0" என்று எழுதணும், அதுவும் கணக்குத்தான். வர விரும்புகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். அடுத்த மாதம் அந்தப் பட்டியலை இதே சுவரில் ஒட்டுவோம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி