பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க! டிரம்பெட் வாங்குவோர் கவனத்துக்கு...

காரைக்குடி–

முகூர்த்த மாதம் வந்தால் பேண்டு செட்டுக்காரர்களுக்கு ஒரே பரபரப்பு. அட்வான்ஸ் வாங்கியாச்சு, டிரம்பெட் வேண்டுமே! மாப்பிள்ளை அழைப்பில் நடுத்தெருவில் வாத்தியம் மக்கர் செய்தால் கூலியும் போச்சு, பேரும் போச்சு.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளைக் குழல் ஏதாவது கண்ணில் பட்டால் உடனே பர்சைத் திறக்காதீர்கள். ஷோகேசில் வைக்க அது போதும். ஊர்வலத்தில் ஊத?

டிரம்பெட்டின் உயிரே 3 பிஸ்டன்களில்தான். அழுத்தினால் இறங்கி, விட்டதும் 'சட்'டென்று ஏற வேண்டும். பிஸ்டனை அழுத்தாமல் அதன் பக்கக் குழாயை உருவுங்கள், பிறகு அழுத்துங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் காற்றுக் கசிவு இல்லை. சத்தமே இல்லையா? நைசாக நடையைக் கட்டுங்கள்.

புதுசு என்றால் பேண்டு வாத்தியங்களுக்குப் பேர்போனது உத்தரப்பிரதேசத்து மீரட். அங்கே நாதிர் அலி கம்பெனி 1885-ல் தொடங்கியது. மியூசிக் கடையில் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டே வாங்குங்கள்.

வாங்கிய பிறகும் ஒரு கூத்து உண்டு. எண்ணெய் போடக் கழற்றிய பிஸ்டன்களை இடம் மாற்றிச் சொருகினால் காற்று சரியாகப் போகாது. 'ஓட்டை வாத்தியத்தைத் தலையில் கட்டிட்டான்' என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். பிஸ்டனிலேயே 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும்!