சந்தையில் ஓர் இடம்: டொமைன் வியாபாரம் எப்படி இயங்குகிறது?

டொமைன் பெயரை வாங்கி விற்று லாபம் பார்க்க நினைப்பவர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெயர் ஒருநாளும் அவருக்குச் சொந்தமாகாது. வாரச்சந்தையில் கடைபோட இடம் பிடிப்பதைப் போலத்தான் இதுவும். இடம் ஊராட்சியுடையது. ஏலம் எடுத்த குத்தகைதாரர் சுங்கம் வசூலிக்கிறார். சுங்கம் கட்டும்வரை அந்த இடத்தில் நீங்கள் உட்காரலாம். கட்டாமல் விட்டால் அடுத்தவர் சாக்கை விரித்துவிடுவார்.

இங்கே ஊராட்சியின் இடத்தில் இருப்பது ஐகான். 1998இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட, லாப நோக்கமில்லாத அமைப்பு. டாட் காம் பகுதியின் குத்தகைதாரர் வெரிசைன் நிறுவனம். டாட் காமில் முடியும் பெயர்கள் எல்லாவற்றுக்குமான ஒரே பதிவேடு அதன் கையில்தான் இருக்கிறது. டாட் இன் பெயர்களை இந்தியாவின் நிக்ஸி கவனிக்கிறது. ஆனால் நாம் இவர்களிடம் நேரே போக முடியாது. கோடாடி, நேம்சீப் போன்ற ரிஜிஸ்ட்ரார்கள்தான் நமக்குச் சீட்டு கிழித்துத் தருகிறார்கள். டாட் காம் பெயர் ஒன்றுக்கு ரிஜிஸ்ட்ராரிடம் வாங்கும் வருடக் கட்டணத்தை வெரிசைன் 2024 செப்டம்பரில் 10.26 டாலராக உயர்த்தியது. முதல் வருடம் நூறு, இருநூறு ரூபாய்க்குச் சலுகையில் கொடுத்தாலும், இரண்டாம் வருடம் முழு விலையும் கேட்பார்கள். புதிதாக வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்து, இடம் பிடிப்பது. யாரும் எடுக்காத பெயரைத் தேடிப் பதிவது ஒரு வழி. இன்னொருவர் கைவிட்டதை எடுப்பது மற்றொரு வழி. டாட் காமில் கெடு முடிந்ததும் பெயர் உடனே காலியாகிவிடாது. முதலில் ரிஜிஸ்ட்ரார் 45 நாள் வரை பொறுக்கலாம். பிறகு, முன்பு வைத்திருந்தவர் அபராதத்தோடு மீட்டுக்கொள்ள 30 நாள். அதன்பின் 5 நாள் யாரும் தொட முடியாது. அதற்குப் பிறகுதான் பெயர் பொதுவுக்கு வரும். நல்ல பெயர்கள் அதுவரை நிற்பதில்லை. பல ரிஜிஸ்ட்ரார்கள் இடையிலேயே ஏலம் விட்டுவிடுகிறார்கள்.

எந்தப் பெயரை எடுப்பது? போனில் ஒருமுறை சொன்னால் எதிராளி பிழையில்லாமல் எழுத வேண்டும். அதைவிட முக்கியம், அதை வாங்கக்கூடிய பத்து வியாபாரிகளையாவது உங்களால் இப்போதே எண்ணிச் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்தப் பெயர் வேண்டாம்.

அடுத்தவரின் வணிகப் பெயர் பக்கமே போகாதீர்கள். சென்னையின் சத்யம் இன்ஃபோவே, தன் சிஃபி என்ற பெயரைப் போலவே ஒலித்த சிஃபிநெட் என்ற டொமைனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்று 2004இல் தீர்ப்பு வந்தது. தெரிந்தே அப்படி எடுத்தால், போட்ட பணத்தோடு பெயரும் போய்விடும்.

இனி, விற்பது. பெயரின் நேம்சர்வரை சேடோ, ஆஃப்டர்னிக் போன்ற ஏதாவதொரு விற்பனைத் தளத்துக்குத் திருப்பிவிடுங்கள். அப்போது அந்த முகவரியைத் தட்டுகிறவருக்கு ‘விற்பனைக்கு’ என்ற பக்கம் தெரியும். ஆள் வந்து விலை படிந்தால், பணம் எஸ்க்ரோ என்ற நடுவரிடம் போய் நிற்கும். பிறகு நீங்கள் பெயரின் பூட்டைத் திறந்து, ரிஜிஸ்ட்ரார் தரும் ரகசியக் குறியீட்டை வாங்குபவரிடம் கொடுக்கிறீர்கள். பெயர் அவர் கணக்குக்குப் போனதும் நடுவர் கமிஷனைக் கழித்துக்கொண்டு உங்களுக்குப் பணம் தருவார். புதிதாகப் பதிந்த பெயரை முதல் 60 நாளுக்கு வேறு ரிஜிஸ்ட்ராரிடம் மாற்றப் பெரும்பாலும் விடமாட்டார்கள். வாங்குபவர் அதே ரிஜிஸ்ட்ராரிடம் கணக்கு தொடங்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

வாய்ஸ் டாட் காம் 2019இல் 3 கோடி டாலருக்குப் போனது உண்மைதான். அதைக் கேட்டுத்தான் பலரும் வருகிறார்கள். ஆனால் உங்கள் கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். கையில் நூறு பெயர், ஒன்றுக்கு வருடம் ஆயிரம் ரூபாய் என்றால் சுங்கமே ஒரு லட்சம். அதில் வருடத்துக்கு ஒன்றிரண்டு விற்றால்கூட, இரண்டு விற்ற வருடம் தலா ஐம்பதாயிரத்துக்கும், ஒன்றே விற்ற வருடம் ஒரு லட்சத்துக்கும் மேல் போனால்தான் லாபம். விற்காத பெயர் ஒவ்வொன்றும் வருடா வருடம் செலவு வைக்கும்.

ஆகவே முதல் வருடம் ஐந்து பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எடுக்கும்போது சலுகை விலையைப் பார்க்காதீர்கள். ரினியூவல் விலையைப் பாருங்கள். மூன்று வருடச் சுங்கத்தைக் கைக்காசில் தாங்க முடியும் என்றால் மட்டும் இறங்குங்கள்.