புடைசாளரத்துக்குத் திரை: கோலா, தடமா?

பெங்களூர் மல்லேஸ்வரத்தின் குறுக்குத் தெருக்களில் நடப்போர், ஓடு வேய்ந்த பழைய இல்லங்கள் சிலவற்றில், சுவரோடு ஒட்டி அமையாமல் முன்னே தள்ளி, மூன்று முகங்களுடன் நிற்கும் சாளரங்களைக் காணலாம். ஆங்கிலத்தில் இதனைப் 'பே விண்டோ' என்பர். நாம் நாள்தோறும் வழங்கும் சன்னல் என்னும் சொல்லே போர்த்துக்கீசிய மொழியின் 'ஜனேலா'விலிருந்து வந்ததுதான். ஆயினும் இவ்வகைக்குத் தனிப்பெயர் ஒன்று இருப்பது நல்லது என்பதால், இக்கட்டுரையில் புடைசாளரம் என்றே வழங்குவோம். இடித்துக் கட்டிய அடுக்ககங்களிலும் இப்போது இவை கண்ணாடியும் அலுமினியமுமாக மீண்டும் தோன்றியுள்ளன. வெளிமாநிலத்தில் வாடகை வீட்டில் குடியேறும் நம்மவர், சமையலறையை ஒழுங்கு செய்த கையோடு முதலில் தேடுவது திரைச்சீலையை. சாதாரணச் சாளரமாயின் அரைமணி நேர வேலை. புடைசாளரமாயின் அங்கேதான் பணமும் ஒளியும் வீணாகின்றன.

இச்சாளரம் நமது மரபினது அன்று. சாளரங்களின் எண்ணிக்கைக்கேற்ப விதித்துவந்த வரியை இங்கிலாந்து 1851-ஆம் ஆண்டில் நீக்கியது. விக்டோரியா காலத்து ஆங்கில வீடுகளில் புடைசாளரம் பெருவழக்காயிற்று. அவ்வீட்டமைப்பின் சாயல் பெங்களூர்த் தண்டுப் பகுதிக்கு வந்தது. 1898-ஆம் ஆண்டில் பிளேக் நோய் பெங்களூர்ப் பேட்டையின் நெருக்கமான தெருக்களில் பரவிய பின்னர், காற்றும் வெளிச்சமும் வேண்டி மக்கள் மல்லேஸ்வரம், பசவனகுடி முதலிய விரிவுப் பகுதிகளை நாடினர். ஆகவே அங்கு எழுந்த வீடுகளில் சாளரம் என்பது வெறும் அலங்காரமன்று. சாளரத்தின் மேல் கூம்பிய மரச்சட்டக் குல்லாய் போல நின்று வெயிலையும் சாரலையும் தடுக்கும் 'மங்க்கி டாப்' என்னும் அமைப்பையும் இவ்வூரில் காணலாம். அது இருக்கும் வீட்டில் வெயிலுக்கென்று கனத்த திரை தேவையில்லை. பார்வையை மறைக்க மெல்லிய பருத்தித் துணியே போதும்.

இனிப் பொருளுக்கு வருவோம். திரையைத் தாங்க இருவகைக் கருவிகள் உள்ளன. ஒன்று கோல்: மரத்தாலோ எஃகுக் குழாயாலோ ஆனது, வளையங்களில் திரை தொங்கும். மற்றொன்று உள்ளே பள்ளம் கொண்ட அலுமினியச் சட்டம். அப்பள்ளத்தில் சிறு உருளைகள் ஓட, அவற்றின் கொக்கிகளில் திரை தொங்கும். கடையில் 'டிராக்' என்று கேட்டால்தான் கொடுப்பார்கள்; இங்கே தடம் என்போம். நேரான சுவரில் எதனை மாட்டினாலும் பெரிய வேறுபாடு இல்லை. கோல் பார்வைக்கு அழகு, தடம் அடக்கம். புடைசாளரத்தில் மட்டும் மூலை என்ற ஒன்று குறுக்கிடுகிறது. அதுவே முடிவு சொல்ல வேண்டியது.

கோல் மூலையில் திரும்புவதற்கு இரு துண்டுகளை முழங்கைப் பொருத்து ஒன்றினால் இணைப்பர். அவ்விணைப்பு பளுவில் தொய்யாதிருக்க, அருகிலேயே தாங்கி ஒன்று தேவை. முழு வளையம் அத்தாங்கியைத் தாண்டாது. ஒருபுறம் வாய் திறந்த வளையம் தாண்டும். ஆனால் அதற்கேற்ற தாங்கியும் வேண்டும், இரண்டும் சேர்ந்து எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. ஆயத்தமாக விற்கும் திரைகளில் பெரும்பாலானவை துணியிலேயே உலோகக் கண்கள் பதித்தவை. அவை எந்தத் தாங்கியையும் தாண்டமாட்டா. தடத்திலும் மாட்ட இயலாது. ஆகவே துணியை முதலில் வாங்கிவிட்டுக் கம்பியைப் பின்னர்த் தேடுவது தலைகீழ் முறையாகும். தடம் என்று முடிவு செய்தால், தையற்காரரிடம் திரையின் மேல்விளிம்பில் கொக்கி நாடா வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் பழகிய சுருள்கம்பியைப் பற்றியும் ஒரு சொல். விலை மிகக் குறைவு; அரைச்சன்னல் திரைக்கு நல்லது. புடைசாளரத்தில் ஒவ்வொரு மூலையிலும் ஓர் ஆணியில் மாட்டி இழுக்க வேண்டியிருக்கும். அந்த ஆணியில் துணி நின்றுவிடும். நடுவில் கம்பி தொய்யும். முழுநீளத் திரைக்கு அதனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூலையில் திரை நின்றால் என்ன நட்டம்? கணக்கிட்டுப் பார்ப்போம். முன்முகம் 5 அடி, பக்கமுகங்கள் 2 அடி வீதம் என்று கொள்க. கோலானால் மூன்று முகங்களுக்கும் தனித்தனித் திரை. இரண்டடிப் பக்கமுகத்தின் திரையை ஒதுக்கினால், மடிப்புக் குவியலே ஆறு முதல் எட்டு அங்குலம் வரை இடம் பிடிக்கும். கண்ணாடியில் மூன்றிலொரு பங்கு வரை பகலிலும் மூடியே கிடக்கும். தடமானால் ஒரே இணைத்திரை மூலைகளைச் சுற்றி ஓடும். சாளரத்தின் வாயிலில் தடத்தை எதிர்ப்புறமாக வளைத்து, அறையின் நேர்ச்சுவர் மீது இருபுறமும் ஓரடி நீட்டினால், குவியல் சுவரின் மேல் ஒதுங்கிவிடும். கண்ணாடி முழுவதும் திறந்திருக்கும்.

ஆயினும் தடமே எப்போதும் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. உங்கள் மூலையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய வீடுகளில் இரு முகங்களுக்கிடையே செங்கல் தூண் அகலமாக நிற்பதுண்டு. அத்தூணுக்கு முன்னே குவியல் ஒதுங்கிக்கொள்ளும். அங்கே மூன்று தனிக்கோல்கள் கண்ணுக்கும் அழகு, ஒளிக்கும் இழப்பில்லை. அடுக்ககத்தில் கண்ணாடியும் கண்ணாடியும் இரண்டங்குலச் சட்டத்தில் சந்திக்கும். அங்கே கோல் பொருந்தாது. மூன்றாவது வழியாக, புடைப்பின் வாயிலில் குறுக்காக ஒரே நேர்க்கோலைப் பொருத்துவோர் உளர். மிக எளிது, மலிவு. ஆனால் மாலையில் திரையை மூடியதும் சாளரத் திண்ணை அறையிலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும். திண்ணையில் அமர்ந்து படிக்கும் பழக்கம் உள்ள வீட்டில் இது கூடாது. சிறிய அறையில் பெட்டிகளைத் திண்ணையில் அடுக்கியிருப்போர்க்கு இதுவே சௌகரியம்.

அளவெடுப்பதில்தான் பெரும்பாலோர் வழுவுகின்றனர். சுவரின் நீளத்தை அளந்து, அதே நீளத்தில் தடம் வெட்டச் சொல்கின்றனர். மடிப்புகள் உராயாதிருக்கத் தடம் சுவரை விட்டு ஏறத்தாழ மூன்றங்குலம் தள்ளியே நிற்க வேண்டும். உட்பக்கமாகத் தள்ளி நிற்கும் கோடு சுவரைவிடக் குறுகியது. சுவர் 45 பாகை திரும்பும் மூலை ஒவ்வொன்றுக்கும் இரண்டரை அங்குலம் குறையும். ஆக மேற்சொன்ன 9 அடிச் சாளரத்துக்கு, வாயிலோடு நிற்கும் தடம் 8 அடி 7 அங்குலமே. பெட்டி போல நேர்கோணத்தில் திரும்பும் புடைப்பாயின் மூலைக்கு 6 அங்குலம், இரண்டுக்கும் ஓரடி. பழைய வீடுகளின் மூலை எதுவும் துல்லியமாக 45 பாகை இராது. இடமூலையும் வலமூலையும் கூட மாறுபடும். ஆதலின் கெட்டியான அட்டையை மடித்து, தடம் பொருத்தும் உயரத்திலேயே ஒவ்வொரு மூலையிலும் வைத்து வடிவம் எடுத்துக்கொள்ளுங்கள். திண்ணை மட்டத்தில் எடுத்த வடிவம் மேலே பொருந்தும் என்ற உறுதியில்லை.

கன்னடத்தில் சாளரம் 'கிடகி', திரை 'பரதெ', தச்சர் 'படகி'. நமக்கு வேண்டிய முக்கியமான சொல்லாகிய மூலை மட்டும் அங்கும் 'மூலெ'தான். அட்டையைக் காட்டி அச்சொல்லைச் சொன்னால் வேலை நடந்துவிடும்.

வளைப்பதைக் கையால் செய்யவிடாதீர்கள். கூர்மையாக வளைத்தால் பள்ளம் நெரிந்து உருளை சிக்கும். கடையில் வளைகருவி கொண்டு மூன்று நான்கு அங்குல ஆரத்தில் வளைத்துத் தரச் சொல்லுங்கள். சுவரில் ஏற்றுமுன் தடத்தைத் தரையில் வைத்து, எல்லா உருளைகளையும் போட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பத்து முறை இழுத்துப் பாருங்கள். ஏறிய பின் கண்ட குறையைத் திருத்துவது கடினம். நேர்ப்பகுதியில் ஒன்றரை அடிக்கொரு தாங்கியும், வளைவின் இருபுறமும் ஒவ்வொன்றும் வேண்டும்.

சுண்ணாம்புச் சாந்து பூசிய பழஞ்சுவரில் துளையிட்டால் உதிரும்; ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு குழி பறித்து வீட்டுக்காரரின் முன்பணத்தில் கைவைப்பதைவிட, இரண்டங்குல அகல மரப்பட்டை ஒன்றை உறுதியான நாலைந்து இடங்களில் மட்டும் திருகி, அதன்மேல் தடத்தைப் பொருத்துவது நலம். வீடு மாறும்போது நாலைந்து துளைகளை அடைத்தால் போதும். கதவுகள் உட்புறம் திறப்பவையாயின், பட்டை அவற்றின் மேல்விளிம்புக்கு மேலே அமையட்டும்.

கயிறிழுத்துத் திறக்கும் தடங்களும், சுருட்டு மறைப்புகளும் கடைகளில் உண்டு. திண்ணையுள்ள சாளரத்தில் குழந்தைகள் ஏறி விளையாடுவார்கள். தொங்கும் கயிற்று வளையம் கழுத்தில் இறுகி உயிர் போன நிகழ்ச்சிகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. அமெரிக்காவில் ஆயத்தமாக விற்கும் மறைப்புகளுக்குக் கயிறே கூடாது, அல்லது குழந்தைக்கு எட்டக்கூடாது என்ற தரவிதி 2018-ஆம் ஆண்டில் வந்தது. சிறு குழந்தை உள்ள வீட்டில் கையால் இழுக்கும் தடமே போதும். துணியைப் பிடித்து இழுத்து அழுக்காக்க வேண்டாமெனில், முதல் உருளையில் மெல்லிய கோலொன்றைத் தொங்கவிட்டு அதனைப் பிடித்து இழுக்கலாம்.