டிரட்யூஸ்: ஒரு வினைச்சொல்லின் பூர்வோத்தரம்

ஒருவன் செய்யாததைச் செய்தானென்று ஊரறியத் தூற்றி அவன் கீர்த்தியைக் கெடுப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் பலவற்றுள், இன்று பெரும்பாலும் நூல்நடையிலே மட்டும் காணப்படும் 'டிரட்யூஸ்' என்னும் வினையின் பூர்வோத்தரம் விசித்திரமானது; ஏனெனில் அதன் பிறப்பில் பொய்யும் இல்லை, தூஷணையும் இல்லை. லத்தீன் மொழியில் அப்பால் நடத்திச் செல்லுதல் என்பதே அதன் பொருள். ஜூலியஸ் சீஸர் தம் சேனையை ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுபோனதை எழுதுகையில் ஆண்ட சாதாரணச் சொல் அது.

ரோமாபுரியில் குதிரைவீரர் வகுப்பினர், ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் 'சென்ஸார்' என்ற அதிகாரிகளின் முன்னே தத்தம் குதிரையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கடந்து செல்வது நியதி; களங்கமில்லாதவனுக்கு, 'குதிரையை நடத்திப் போ' என்று இதே வினையால் உத்தரவாகும். கி.மு. 142இல் சென்ஸாரான ஸிப்பியோ, ஒருவன் எதிரே வந்து நின்றபோது, அவன் பொய்ச்சத்தியம் செய்தவனென்பதைத் தாம் அறிவதாகவும், எவரேனும் குற்றஞ்சாட்டினால் தாமே சாட்சி சொல்வதாகவும் சபையறியக் கூறி, ஒருவரும் முன்வராமற்போகவே, வாதியும் சாட்சியும் நீதிபதியும் தாமே ஆவது முறையன்று என்று அவனைக் குதிரையோடு போகவிட்டார். பழித்ததும் அவரே, 'டிரட்யூஸ்' செய்யச் சொல்லி விடுவித்ததும் அவரே!

பலர் பார்க்க நடத்துவது பெருமைக்கு மட்டுமா உதவும்? குற்றவாளிகளை ஊர்வலமாக நடத்தி எள்ளி நகையாடுவதற்கும் அச்சொல்லே ஆளப்பட்டு, காலக்கிரமத்தில் நடை மறைந்து அவமானம் ஒன்றே எஞ்சியது. கி.பி. 79 முதல் 81 வரை ஆண்ட டைட்டஸ் சக்கரவர்த்தி, கோள்சொல்லிப் பிழைத்தவர்களைச் சவுக்கால் அடிப்பித்து, வட்டரங்கின் மணலிலே ஊர்வலம் விட்டு, சிலரை அடிமைகளாக விற்கவும் சிலரைக் கொடிய தீவுகளுக்கு அனுப்பவும் ஆணையிட்டதை வர்ணிக்கும் ஸூட்டோனியஸ், அந்த ஊர்வலத்துக்கு இவ்வினையையே ஆள்கிறார். தூற்றியவர்களே அச்சொல்லுக்கு இலக்கான அபூர்வ சந்தர்ப்பம் அது.

16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்த இச்சொல்லுக்கு ஆளும் வீதியும் வேண்டியிருக்கவில்லை, நாவே போதுமானதாயிற்று. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ, அலெப்போவில் வெனிஸ் அரசை நிந்தித்த துருக்கியனைத் தான் தண்டித்த கதையை மரணத்தறுவாயில் சொல்லும்போது உச்சரிப்பது இதைத்தான். ஒரு பாஷையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு செல்லுதல், அதாவது மொழிபெயர்த்தல், என்ற பொருளும் ஆங்கிலத்தில் சில காலம் உடன் வழங்கிப் பின்னர் ஒழிந்தது. பிரெஞ்சுக்காரரும் இத்தாலியருமோ அதே லத்தீன் வேரிலிருந்து வந்த தங்கள் சொல்லால் இன்றும் மொழிபெயர்ப்பையே குறிக்கின்றனர். ஆங்கிலேயர் நிந்தையைப் பற்றிக்கொண்டதற்குத் தங்கள் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த அபிப்பிராயம் காரணமன்று என்று நம்புவோமாக.