வந்தான், வந்தானாம், வந்திருக்கான்

இன்னொரு மொழி படித்தால் இன்னும் கொஞ்சம் சொற்கள் சேரும் என்று நினைப்போம். எனக்கு அதைவிடப் பெரிய லாபமாகத் தெரிவது வேறு. நம்ம மொழி தினமும் சத்தமில்லாமல் செய்கிற வேலையை இன்னொரு மொழிதான் காட்டிக்கொடுக்கும்.

துருக்கி மொழியில் 'அலி வந்தான்' என்பதைச் சொல்ல இரண்டு வழி உண்டு. நேரில் பார்த்திருந்தால் 'அலி கெல்தி'. யாரோ சொல்லிக் கேட்டது, அல்லது வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்து ஊகித்தது என்றால் 'அலி கெல்மிஷ்'. நடந்து முடிந்ததைச் சொல்லும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகணும்.

ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இந்த 'மிஷ்' தலைவலி. தமிழ்க் காதுக்கோ அது 'வந்தானாம்', அவ்வளவுதான். துருக்கியின் நாட்டுப்புறக் கதைகளும் 'மிஷ்'ஷில்தான் தொடங்கும். நம்ம பாட்டிகள் 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்' என்பதைப் போல.

ஆனால் இரண்டும் அப்படியே பொருந்திவிடாது. காலையில் தெரு ஈரமாக இருந்தால் அவர்கள் மழைக்கும் 'மிஷ்' போடுவார்கள். நாம் 'மழை பெஞ்சிருக்கு' என்போம். 'பெஞ்சுதாம்' என்றால் வேறு யாரோ சொன்னதாகிவிடும். புதுப் பலகாரத்தை வாயில் போட்டதும் வருகிற 'நல்லா இருக்கே!' என்ற வியப்புக்கும் அங்கே 'மிஷ்'தான். அங்கே ஒரே விகுதி செய்கிற வேலையை இங்கே 'ஆம்', 'இரு', 'ஏ' மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. தமிழுக்குள்ளேயே இருந்திருந்தால் இதை நான் எண்ணிப் பார்த்திருக்க மாட்டேன்.

இது வெறும் இலக்கண விளையாட்டு இல்லை. 'அவர் பணம் வாங்கினாராம்' என்பதை அவசரமாக ஆங்கிலத்தில் சொன்னால் முதலில் உதிர்வது அந்த 'ஆம்'. கேள்விப்பட்டது நடந்ததாக மாறிவிடும், ஒருத்தர் பெயர் கெட்டுப்போகும். 'அப்பேரன்ட்லி' மாதிரி தனியாக ஒரு சொல்லை நினைவாகச் சேர்த்தால்தான் அர்த்தம் தப்பிக்கும்.

துருக்கியர்கள் நம்மைவிட உண்மை பேசுபவர்கள் என்று சொல்ல வரலை. 'கெல்தி' போட்டும் பொய் சொல்லலாம். ஆனால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அடுத்தவரிடம் சொல்லும் முன், இது 'தி'யா 'மிஷ்'ஷா என்று மனசு கேட்கிறது. பெரும்பாலும் 'மிஷ்'தான்.