திரைப்படம் எழுதும் வரலாற்று நினைவு

வீரபாண்டிய கட்டபொம்மன் என்றதும் பெரும்பாலான தமிழர் மனத்தில் எழுவது சிவாஜி கணேசனின் முகமும் குரலுமே. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரரை, 1959இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தின் வழியாகவே நாம் நினைவுகூர்கிறோம்.

கதைப்பாடல்களும் ம.பொ.சி.யின் எழுத்துகளும் இந்நினைவுக்கு முன்பே களம் அமைத்திருந்தன. சக்தி கிருஷ்ணசாமியின் நாடகம் 1957இல் சேலத்தில் அரங்கேறியது. ஆயினும் நாடகம் எட்டாத சிற்றூர்களுக்கும் பி.ஆர். பந்துலுவின் படம் சென்று சேர்ந்தது. அதன் வசனத்தைப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுவிழாக்களில் ஒப்பித்தனர். பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் தமிழக அரசு நினைவுக்கோட்டை எழுப்பியது. அதே வேளையில், எட்டயபுரம் பாளையக்காரரின் பட்டப்பெயர் துரோகத்தின் மறுபெயராக நிலைபெறவும் அப்படம் துணைபுரிந்தது. பாளையங்களுக்கிடையே நிலவிய எல்லைத் தகராறுகள் பொதுநினைவில் இடம்பெறவில்லை.

போருக்குப் பிந்தைய ஜப்பானிலும் இத்தகைய தேர்வு நிகழ்ந்தது. அமெரிக்கப் படைகளின் ஆட்சி 1952இல் முடியும்வரை அணுகுண்டின் அழிவைத் திரையில் காட்டத் தணிக்கை தடையாக இருந்தது. 1954இல் வந்த 'காட்ஜில்லா', அணுகுண்டுச் சோதனையால் கிளர்ந்தெழும் விலங்கின் உருவில் அந்த அச்சத்தை வெளிப்படுத்தியது. ஜப்பானிய மக்கள் பட்ட துயரை அக்காலப் படங்கள் பல உருக்கமாகக் காட்டின. ஜப்பானியப் படைகள் பிற ஆசிய நாடுகளில் இழைத்த கொடுமைகள் அரிதாகவே திரைக்கு வந்தன.

திரைக்கு வராதது எவ்வாறு மங்குகிறது என்பதற்கு எடப்பாடிக்கு அருகிலுள்ள சங்ககிரிக் கோட்டையே சான்று. காவிரிக் கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை, 1805 ஜூலை 31 அன்று அங்கே தூக்கிலிடப்பட்டார். ஆடிப்பெருக்கு நாளில் அரசு அவருக்கு விழா எடுக்கிறது. ஆனால், கட்டபொம்மனுக்கு வாய்த்ததைப் போன்ற படம் அவருக்கு வாய்க்கவில்லை. கொங்கு நாட்டைக் கடந்தால் அவர் பெயரை அறிந்தோர்கூட அவர் வரலாற்றை அறிந்திருப்பதில்லை. இத்தனைக்கும், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சேலத்திலேயே இயங்கியது.

நாளை அவரைப் பற்றி ஒரு பெரும்படம் வரலாம், வரவேற்போம். அது புதியதொரு நாயகனோடு புதியதொரு துரோகியையும் படைத்துவிடக்கூடும். எனவே, அதற்கு முன்பே நம் பள்ளிகள் மாணவரைச் சங்ககிரிக்கு அழைத்துச் செல்லட்டும். ஆங்கிலேயரின் ஆவணங்களையும் ஊர்மக்களின் வழக்காறுகளையும் ஒப்பிட்டுப் படிக்கப் பழக்கட்டும். அவ்வாறு பழகிய தலைமுறை திரைப்படத்தை ரசிக்கவும் செய்யும். அதனிடம் கேள்வி கேட்கவும் செய்யும்.