சாதனைக்கு 1,457 யார்டு தொலைவில் ஓய்வு: பேரி சாண்டர்ஸ் விலகியது ஏன்?

அமெரிக்கக் கால்பந்து வரலாற்றில் தலைசிறந்த ஓட்டக்காரர்களில் ஒருவராகக் கருதப்படும் பேரி சாண்டர்ஸ், 1999-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், புதிய பருவத்துக்கான பயிற்சி முகாம் தொடங்கவிருந்த வேளையில் ஓய்வை அறிவித்தார். செய்தியாளர் சந்திப்போ, பிரிவுபசார விழாவோ நடைபெறவில்லை. சொந்த ஊரான விசிட்டா நகரின் நாளிதழுக்குத் தொலைநகல் வழியாக வந்த சிறு கடிதமே அறிவிப்பாக அமைந்தது. அச்செய்தி வெளியானபோது அவர் லண்டனில் இருந்தார்.

அப்போது அவருக்கு வயது 31. ஆட்டத்தைக் கைவிடும் அளவுக்குக் காயம் எதுவும் இல்லை. தொழில்முறை ஆட்டத்தில் பந்துடன் ஓடி அதிக தூரம் கடந்தவர் என்ற பெருமை அந்நாளில் சிகாகோ பேர்ஸ் அணியின் முன்னாள் வீரர் வால்டர் பேட்டனிடம் இருந்தது. 13 பருவங்களில் பேட்டன் கடந்த தொலைவு 16,726 யார்டு. பத்தே பருவங்களில் 15,269 யார்டு கடந்திருந்த சாண்டர்ஸ், சாதனையைத் தொட வேண்டியது இன்னும் 1,457 யார்டுதான். முந்தைய பருவத்தில் மட்டும் அவர் 1,491 யார்டு ஓடியிருந்தார். அதே அளவுக்கு இன்னொரு பருவம் ஆடியிருந்தால் சாதனை அவருடையதாகியிருக்கும்.

எட்டும் தொலைவில் இருந்த சாதனையை அவர் ஏன் விட்டுச் சென்றார் என்ற கேள்விக்கு விடை காண, அவரது கல்லூரிக் காலத்தையும் தொழில்முறை வாழ்க்கையையும் மட்டுமன்றி, அமெரிக்கக் கால்பந்தில் வீரர்களைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகளையும் அறிந்துகொள்ள வேண்டியுள்ளது.

'ரன்னிங் பேக்' என்பவர் யார்?

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்கு 11 பேர் களமிறங்குவர். நூறு யார்டு நீளமுள்ள மைதானத்தில், பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் குறைந்தது 10 யார்டு முன்னேற வேண்டும். ஒரு யார்டு என்பது ஏறத்தாழ 0.91 மீட்டர். அந்தத் தூரத்தைக் கடந்தால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடந்தால் 'டச் டவுன்'. அதற்கு ஆறு புள்ளிகள்.

முன்னேறுவதற்கு இரு வழிகள் உண்டு. அணியை வழிநடத்தும் 'குவார்ட்டர்பேக்' பந்தை எறிந்து சக வீரரைப் பிடிக்கச் செய்யலாம். அல்லது பின்னால் நிற்கும் 'ரன்னிங் பேக்' கையில் பந்தைக் கொடுத்து ஓடச் செய்யலாம். பந்தைப் பெற்ற கணத்திலிருந்து எதிரணியினர் அனைவரும் அவரை வீழ்த்தவே பாய்வர். கபடியில் பாடிச் செல்பவரைச் சூழ்வது போன்ற நிலை இது. ஆனால் இங்கே பிடிப்பவர்களில் பலர் 100 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள். முழு வேகத்தில் ஓடிவந்து மோதுபவர்கள். ஒரே ஆட்டத்தில் இருபது, இருபத்தைந்து முறை இவ்வாறு வீழ்த்தப்படுவது ரன்னிங் பேக்கின் அன்றாடப் பணி. எனவேதான் மற்ற பல நிலைகளில் ஆடுவோரைவிட இவர்களது தொழில்முறை ஆயுள் குறுகியதாக இருக்கிறது.

ஐந்து அடி எட்டு அங்குல உயரமே கொண்ட சாண்டர்ஸ், மோதி முன்னேறும் பாணியைக் கைக்கொள்ளவில்லை. நின்று, திரும்பி, சில வேளைகளில் பின்னோக்கியும் ஓடி, துரத்துபவரின் கை வெற்றிடத்தைப் பற்றுமாறு செய்வது அவரது முறை. இதனால் பல முறை தொடங்கிய இடத்துக்கும் பின்னால் வீழ்த்தப்பட்டார். பல முறை யாரும் எதிர்பாராத இடைவெளியில் நுழைந்து மைதானத்தின் மறுமுனையை எட்டினார்.

கல்லூரிக் களம்: முறியாத 2,628

கன்சாஸ் மாநிலத்தின் விசிட்டா நகரில், 1968-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று, கூரை அமைக்கும் தொழிலாளியான வில்லியம் சாண்டர்ஸின் 11 பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர் பேரி. பள்ளி அணியில் அவர் ரன்னிங் பேக் நிலைக்கு வந்ததே இறுதியாண்டின் நான்காவது ஆட்டத்தில்தான். எஞ்சிய ஏழு ஆட்டங்களில் 1,417 யார்டு ஓடினார். இருப்பினும் உயரக் குறைவு காரணமாகப் பெரிய கல்லூரிகள் பலவும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. உதவித்தொகையுடன் இடம் தந்த ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1986-ஆம் ஆண்டு சேர்ந்தார்.

அங்கும் காத்திருப்பே வாய்த்தது. பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் புகழ்பெற்ற தர்மன் தாமஸ் அந்த அணியின் முதன்மை ஓட்டக்காரராக இருந்தார். முதல் இரு ஆண்டுகள் சாண்டர்ஸ் அவருக்கு மாற்றாகவே ஆடினார். தாமஸ் விடைபெற்ற பிறகு, 1988-ஆம் ஆண்டில் அந்த இடம் சாண்டர்ஸுக்குக் கிடைத்தது.

அந்த ஒரே பருவத்தில், 11 ஆட்டங்களில் அவர் 2,628 யார்டு ஓடி 37 டச் டவுன்களை எடுத்தார். ஆட்டத்துக்குச் சராசரியாக 238.9 யார்டு. நான்கு ஆட்டங்களில் 300 யார்டைக் கடந்தார். கல்லூரிக் கால்பந்தின் மிக உயரிய தனிநபர் விருதான ஹெய்ஸ்மன் கோப்பை அவருக்கு வழங்கப்பட்டது. பருவத்தின் இறுதி ஆட்டம் ஜப்பானில் நடைபெற்றதால், விருது அறிவிக்கப்பட்ட நேரத்தில் அவர் டோக்கியோவில் இருந்தார்.

பருவ முடிவில் சிறந்த அணிகள் மட்டும் ஆடும் 'பவுல்' ஆட்டங்களின் எண்ணிக்கை அக்காலத்தில் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. வயோமிங் பல்கலைக்கழகத்துக்கு எதிரான 'ஹாலிடே பவுல்' ஆட்டத்தில் சாண்டர்ஸ் ஓடிய 222 யார்டும், எடுத்த ஐந்து டச் டவுன்களும் எனவே அவரது சாதனையில் இடம்பெறவில்லை. 2002-ஆம் ஆண்டு முதல்தான் அவை கணக்கில் கொள்ளப்படுகின்றன. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் பாய்சி மாநிலப் பல்கலைக்கழக வீரர் ஆஷ்டன் ஜென்டி, பவுல் ஆட்டம் உட்பட 14 ஆட்டங்களில் 2,601 யார்டு ஓடினார். அப்போதும் சாண்டர்ஸின் எண்ணிக்கைக்கு 27 யார்டு குறைவு.

அணியைத் தேர்ந்தெடுக்க முடியாத தேர்வு முறை

கல்லூரி வீரர்கள் என்எஃப்எல் எனப்படும் தேசியக் கால்பந்து லீகுக்குள் நுழைவது 'டிராஃப்ட்' என்ற தேர்வு முறையின் வாயிலாக. ஐபிஎல் ஏலத்தைப் போல இதில் அணிகள் விலை கூறிப் போட்டியிடுவதில்லை. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிக்கு முதல் வாய்ப்பு, அதற்கடுத்த அணிக்கு இரண்டாம் வாய்ப்பு என வரிசைப்படி வீரர்கள் தேர்ந்தெடுக்கப்படுவர். தேர்ந்தெடுத்த அணியுடன் மட்டுமே வீரர் ஒப்பந்தம் செய்துகொள்ள முடியும். அணிகளின் வலிமையைச் சமன்செய்வதே இம்முறையின் நோக்கம். மிகத் திறமையான இளைஞர் பெரும்பாலும் மிக நலிந்த அணிக்குச் செல்வது இதன் மறுபக்கம்.

கல்லூரியில் மேலும் ஓராண்டு ஆடும் தகுதி சாண்டர்ஸுக்கு இருந்தது. ஆனால் விதிமீறல்களுக்காக அவரது பல்கலைக்கழக அணி மீது கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டதை அடுத்து, முன்கூட்டியே தேர்வில் பங்கேற்க அவருக்குச் சிறப்பு அனுமதி அளிக்கப்பட்டது. 1989-ஆம் ஆண்டுத் தேர்வில் மூன்றாவது இடத்தில் அவரை டெட்ராய்ட் லயன்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. அந்த அணி கடைசியாக லீக் பட்டம் வென்றது 1957-ஆம் ஆண்டில்.

பத்து யார்டும் பத்து ஆண்டுகளும்

முதல் பருவத்திலேயே சாண்டர்ஸ் 1,470 யார்டு ஓடி, சிறந்த அறிமுக வீரர் விருதைப் பெற்றார். அப்பருவத்தின் கடைசி ஆட்டத்தில் நிகழ்ந்த ஒன்று பின்னர் பலமுறை நினைவுகூரப்பட்டது. லீகில் அதிக தூரம் ஓடியவர் என்ற பட்டத்துக்கு அவருக்குத் தேவைப்பட்டது வெறும் பத்து யார்டு. 1,480 யார்டுடன் கன்சாஸ் சிட்டி அணியின் கிறிஸ்டியன் ஒகோயே முன்னிலை வகித்தார். மீண்டும் களமிறங்குகிறாயா என்று பயிற்சியாளர் வெய்ன் ஃபாண்டஸ் கேட்டபோது, வெற்றி கைகூடிவிட்டதால் தேவையில்லை என்று மறுத்துவிட்டார் சாண்டர்ஸ். பட்டம் ஒகோயேவுக்குச் சென்றது. டச் டவுன் எடுத்தபின் ஆடிப்பாடிக் கொண்டாடாமல், பந்தை நடுவரின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புவதும் அவரது வழக்கமாக இருந்தது.

பின்னர் 1990, 1994, 1996, 1997 ஆகிய நான்கு பருவங்களில் அப்பட்டம் அவரைத் தேடி வந்தது. ஆடிய பத்துப் பருவங்களிலும் ஆயிரம் யார்டைக் கடந்தார். பத்து முறையும் நட்சத்திர வீரர்களுக்கான 'புரோ பவுல்' ஆட்டத்துக்குத் தேர்வானார்.

அணியின் நிலையோ வேறு. பத்து ஆண்டுகளில் ஐந்து முறை பிளே-ஆஃப் சுற்றுக்கு முன்னேறிய லயன்ஸ் வென்றது ஒரே ஓர் ஆட்டம்: 1992-ஆம் ஆண்டு ஜனவரியில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியை 38-6 என்ற கணக்கில் வீழ்த்தியது. அடுத்த ஆட்டத்திலேயே வாஷிங்டன் அணியிடம் 41-10 எனத் தோற்றது. 1994-ஆம் ஆண்டுப் பருவத்தில் 1,883 யார்டு ஓடிய சாண்டர்ஸை, பிளே-ஆஃப் ஆட்டத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் அணி 13 முயற்சிகளில் மைனஸ் ஒரு யார்டுக்குள் அடக்கியது. வழியமைத்துத் தரும் வீரர்கள் முன்னால் இல்லையெனில், எத்தகைய ஓட்டக்காரரும் தனியராகவே நிற்க வேண்டியிருக்கும் என்பதற்கு அந்த ஆட்டம் சான்று.

2,000 யார்டைக் கடந்த நாள்

1997-ஆம் ஆண்டுப் பருவத்தின் முதல் இரு ஆட்டங்களில் சாண்டர்ஸ் மொத்தம் 53 யார்டு மட்டுமே ஓடினார். அதன் பின் ஆடிய 14 ஆட்டங்களிலும் தொடர்ந்து நூறு யார்டைக் கடந்து, 2,053 யார்டுடன் பருவத்தை முடித்தார். ஒரே பருவத்தில் 2,000 யார்டைத் தாண்டிய மூன்றாவது வீரர் அவர். சிறந்த வீரருக்கான விருதைக் கிரீன் பே அணியின் பிரெட் ஃபாவ்ருடன் பகிர்ந்துகொண்டார்.

அந்த மைல்கல்லை எட்டியது டிசம்பர் 21 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில். அதே ஆட்டத்தில் சக வீரர் ரெஜி பிரவுன், எதிராளியைத் தடுக்கும் முயற்சியில் முதுகுத்தண்டில் காயமடைந்து மைதானத்திலேயே நினைவிழந்தார். செயற்கைச் சுவாசம் அளித்து அவரது உயிர் காக்கப்பட்டது. பின்னர் நடமாடும் நிலைக்குத் திரும்பினாலும், அவரது ஆட்ட வாழ்க்கை அன்றுடன் முடிந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1991 நவம்பரில், அதே அணியின் மைக் அட்லி களத்தில் ஏற்பட்ட காயத்தால் உடல் செயலிழந்தார். இந்த ஆட்டம் வீரர்களிடம் எதைக் கேட்கிறது என்பதைச் சாண்டர்ஸ் இரு முறை அருகிலிருந்து கண்டார்.

விலகியது ஏன்?

1998-ஆம் ஆண்டுப் பருவத்தில் லயன்ஸ் ஐந்து ஆட்டங்களில் வென்று 11 ஆட்டங்களில் தோற்றது. அதற்கு அடுத்த கோடையில்தான் அந்தத் தொலைநகல் வந்தது. ஆடுவதற்கான விருப்பத்தைவிட விலகுவதற்கான விருப்பம் மேலோங்கிவிட்டது என்பதே அதன் சாரம். முழு விளக்கம் 2003-ஆம் ஆண்டு வெளியான அவரது தன்வரலாற்று நூலில் கிடைத்தது. திறமையான சக வீரர்களை அணி ஒவ்வொருவராகக் கைவிட்டதும், வெல்ல வேண்டும் என்ற முனைப்பு நிர்வாகத்திடம் இல்லை என்று தோன்றியதும் தம்மைச் சோர்வடையச் செய்ததாக அதில் அவர் குறிப்பிட்டார்.

வேறு அணிக்குச் சென்றிருக்கலாமே என்ற கேள்வி எழக்கூடும். அதற்கு ஒப்பந்தம் இடம் தரவில்லை. 1997-ஆம் ஆண்டில் அவர் செய்துகொண்ட ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் கையொப்ப ஊக்கத்தொகை மட்டும் ஒரு கோடியே பத்து லட்சம் டாலர். ஓய்வு பெற்றாலும் அவர் மீதான உரிமை லயன்ஸ் அணியிடமே இருந்தது. அணி விடுவித்தாலன்றி வேறு எந்த அணிக்கும் ஆட முடியாது. தம்மை விடுவித்தால் ஊக்கத்தொகையைத் திருப்பித் தரத் தயார் என அவர் தரப்பு தெரிவித்தும் அணி இசையவில்லை. விவகாரம் நடுவரிடம் சென்றது. தொகையின் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்துமாறு 2000-ஆம் ஆண்டில் சாண்டர்ஸுக்கு உத்தரவிடப்பட்டது.

ஆடப்போகும் அணியை முடிவு செய்தது தேர்வு முறை. உடன் ஆடுவோரை முடிவு செய்தது நிர்வாகம். வெளியேறும் வழியை அடைத்தது ஒப்பந்தம். ஆட வேண்டுமா, கூடாதா என்ற ஒன்று மட்டுமே அவர் கையில் எஞ்சியிருந்தது. அதை அவர் பயன்படுத்தினார். அதற்கான விலையையும் கொடுத்தார்.

சாதனைப் பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

சாண்டர்ஸ் விலகிய சில மாதங்களில், 1999 நவம்பர் 1 அன்று, பேட்டன் காலமானார். அவரது சாதனையை 2002-ஆம் ஆண்டில் டல்லஸ் அணியின் எமிட் ஸ்மித் முறியடித்தார். 15 பருவங்கள் ஆடிய ஸ்மித்தின் மொத்தம் 18,355 யார்டு. அதுவே இன்றளவும் நிலைத்திருக்கிறது. அதற்கு அவர் பந்துடன் ஓடியது 4,409 முறை. சாண்டர்ஸ் ஓடியது 3,062 முறை. ஓர் ஓட்டத்துக்குச் சராசரி பார்த்தால் ஸ்மித்துக்கு 4.2 யார்டு, பேட்டனுக்கு 4.4, சாண்டர்ஸுக்கு 5.0. மூன்று முறை சூப்பர் பவுல் பட்டம் வென்ற வலிமையான அணி ஸ்மித்துக்கு வாய்த்தது. இவர்களுள் யார் சிறந்தவர் என்ற விவாதம் ஓயவில்லை. மொத்தத் தொலைவு மட்டும் அதற்கு விடையாகாது.

2004-ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலம் கேன்டனில் உள்ள புகழ் மண்டபத்தில் சாண்டர்ஸ் சேர்க்கப்பட்டார். அவரை அறிமுகம் செய்துவைத்தவர் தந்தை வில்லியம். காலப்போக்கில் லயன்ஸ் அணியுடனான கசப்பும் நீங்கியது. 2023 செப்டம்பரில் டெட்ராய்ட் ஃபோர்டு ஃபீல்டு மைதானத்துக்கு வெளியே அவரது முழு உருவச் சிலை திறக்கப்பட்டது.

அதே பருவத்தில், 2024 ஜனவரி 14 அன்று, லாஸ் ஏஞ்சலீஸ் ராம்ஸ் அணியை 24-23 என்ற கணக்கில் வென்று லயன்ஸ் பிளே-ஆஃப் வெற்றியைச் சுவைத்தது. சாண்டர்ஸ் களத்தில் நின்ற அந்த 1992 ஜனவரி ஆட்டத்துக்குப் பின், 32 ஆண்டுகளில் அந்த அணிக்குக் கிடைத்த முதல் பிளே-ஆஃப் வெற்றி அதுவே.